பின்களத்திலிருந்து வந்தவர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளிர் யூரோ கோப்பை (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துத் தொடர்) பற்றிய குறிப்பில், இங்கிலாந்தின் பயிற்சியாளர் சரினா வீக்மனை இந்தத் தலைமுறையின் தலைசிறந்த பயிற்சியாளர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அவர் பின்களத்தில் ஆடியவர். பின்கள ஆட்டக்காரர் பயிற்சியாளரானால் அணியும் பயந்து பயந்துதான் ஆடும். 2022 யூரோவில் ஆறு ஆட்டங்களுக்கும் அதே பதினொரு பேர்; இதில் என்ன கற்பனை இருக்கிறது? 2025இல் தோற்றிருக்க வேண்டிய ஆட்டங்களை மாற்று ஆட்டக்காரர்கள் காப்பாற்றினார்கள். அதை நான் அதிர்ஷ்டம் என்பேன். தவிர, அவர் ஓர் உலகக் கோப்பையில்கூட ஆடியதில்லை. அவ்வளவு திறமைசாலி என்றால், இன்னும் ஏன் எந்த ஆண்கள் அணியும் அவரை அழைத்துக்கொள்ளவில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடைசிக் கேள்வியைக் கடைசியிலேயே எடுத்துக்கொள்கிறேன். முதலில் அந்தப் பயம்.

2022 யூரோ காலிறுதி, பிரைட்டன் மைதானம். ஸ்பெயின் ஒரு கோல் முன்னிலை. நேரம் கரைந்துகொண்டிருக்கிறது. வீக்மன் என்ன செய்தார்? பின்களத்தின் நடுத்தூணான மில்லி பிரைட்டையே முன்களத்துக்கு அனுப்பினார். பின்னால் ஆள் குறைந்தது, இன்னொரு கோல் வாங்கியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். 84வது நிமிடத்தில் அலெசியா ருஸ்ஸோ தலையால் இறக்கித் தந்த பந்தை எல்லா டூன் கோலாக்கினார். ருஸ்ஸோவும் மாற்று ஆட்டக்காரர், டூனும் மாற்று ஆட்டக்காரர். கூடுதல் நேரத்தில் ஜார்ஜியா ஸ்டான்வே தொலைவிலிருந்து அடித்து ஆட்டத்தை முடித்தார். இதைப் பயந்த ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நீங்கள் குறைசொல்லும் அந்த ஒரே பதினொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினொரு பேர் மாறவில்லை என்பது பாதிதான். வெளியே உட்கார்ந்திருந்தவர்களின் வேலையும் மாறவில்லை. ருஸ்ஸோ அந்தத் தொடரில் நான்கு கோல் அடித்தார், நான்கும் மாற்று ஆட்டக்காரராக வந்து. வெம்ப்ளியில் ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் இரண்டு கோல்களையும் போட்ட டூனும் குளோயி கெல்லியும் பின்னால் இறங்கியவர்கள். பின்களத்தில் பல ஆண்டுகள் நின்ற ஒருவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எழுபது நிமிடம் ஓடிக் கால் கனத்த பிறகு, அதுவரை உட்கார்ந்திருந்த ஒருத்தி எதிரே வந்து நின்றால் வயிற்றில் என்ன கலக்கம் எழும் என்பது. வீக்மன் அந்தக் கலக்கத்தை எதிரணிக்கு நேரம் குறித்து அனுப்புகிறார். என் வாசிப்பு இது.

2025இலும் அதுதான் நடந்தது. காலிறுதியில் ஸ்வீடன் 2-0 முன்னிலை. 79வது நிமிடத்தில் லூசி பிரான்ஸ் ஒரு கோல், 81வது நிமிடத்தில் பத்தொன்பது வயது மிஷெல் அக்யெமாங் இன்னொன்று. அரையிறுதியில் இத்தாலிக்கு எதிராக 96வது நிமிடத்தில் மறுபடி அக்யெமாங், 119வது நிமிடத்தில் கெல்லி. பாசல் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் காயம்பட்ட லாரன் ஜேம்ஸுக்குப் பதிலாக முதல் பாதியிலேயே கெல்லி இறங்கினார். அவர் தூக்கிக் கொடுத்த பந்தில்தான் ருஸ்ஸோ சமன் செய்தார், கடைசி பெனால்டியையும் கெல்லியே உதைத்தார். ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்வேன்.

ஆனால் உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு, நீங்கள் அதைச் சொல்லவில்லை. அவர் மிகவும் தாமதிக்கிறார். ஸ்வீடனுக்கு எதிராக 25வது நிமிடத்திலேயே இரண்டு கோல் பின்தங்கியும், எழுபதாவது நிமிடம் வரை மாற்று ஆட்டக்காரர் யாரையும் இறக்கவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்கும் எரிச்சலூட்டியது.

உலகக் கோப்பையில் ஆடாதது உண்மை. ஆனால் எந்த அணிக்கு ஆடினார் என்று பாருங்கள். 1969இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்தவர். சிறுமியாகப் பையன்களோடு ஆட முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். 1987இல், பதினேழு வயதில் நெதர்லாந்து அணிக்கு வந்தார். முதலில் நடுக்களம், பிறகு பின்களம், அணித் தலைமை. 2001இல் தேசிய அணியிலிருந்து விலகினார். நெதர்லாந்து பெண்கள் முதன்முதலாக யூரோ இறுதிச்சுற்றுக்கு வந்தது 2009இல், உலகக் கோப்பைக்கு வந்தது 2015இல். தகுதி பெறவே தெரியாத ஓர் அணியில் பதினான்கு ஆண்டுகள். (நூறு ஆட்டங்களைத் தொட்ட முதல் டச்சுப் பெண் என்று கொண்டாடினார்கள். பிறகு நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கம் சில ஆட்டங்களைக் கணக்கிலிருந்து நீக்கியது, இப்போது 99. அப்படி ஒரு கணக்கைத் திருத்த யாருக்கு மனம் வந்ததோ!)

இடையில் ஒரு திருப்பம். 1988இல் சீனாவில் நடந்த அழைப்புப் போட்டியில் அமெரிக்கப் பயிற்சியாளர் ஆன்சன் டாரன்ஸைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு அவருடைய வட கரோலினா பல்கலைக்கழக அணியில், பின்னாளில் அமெரிக்காவின் பெரிய நட்சத்திரங்களான மியா ஹாமும் கிறிஸ்டீன் லில்லியும் இருந்த அணியில் ஆடி, அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டம் வென்றார். பெண்களின் கால்பந்தை ஒரு நிறுவனம் முழு அக்கறையோடு நடத்தினால் எப்படி இருக்கும் என்று அங்கே பார்த்தார். பிறகு ஊர் திரும்பி, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே டெர் லீடே என்ற சங்கத்துக்கு ஆடினார். நெதர்லாந்தில் அப்போது அவ்வளவுதான் கிடைத்தது. பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே இருந்த அந்தத் தூரத்தைத்தான் அவர் பயிற்சியாளராகக் குறைத்தார். டெர் லீடேயில் தொடங்கி, ஏடிஓ டென் ஹாக் அணிக்கு 2012இல் தேசியப் பட்டம், 2017 தொடக்கத்தில் தேசிய அணிப் பொறுப்பு, அதே ஆண்டு ஆகஸ்டில் டென்மார்க்கை 4-2 என வென்று யூரோ கோப்பை. கையில் ஏழு மாதம்தான் இருந்தது.

இங்கிலாந்துக்கு 2021இல் வந்தார். அங்கே அவர் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது கோப்பைகள் அல்ல. யாருக்கு எந்த இடம் என்பதை மறைக்காமல் சொல்வது. இது எல்லோருக்கும் இனிப்பதில்லை. நீண்டகாலத் தலைவியான ஸ்டெஃப் ஹௌட்டன் 2022, 2023 இரண்டு தொடர்களிலும் இல்லை. 2023 உலகக் கோப்பை இறுதியில் பெனால்டியைத் தடுத்த மேரி ஏர்ப்ஸ், முதல் கோல்கீப்பர் இனி ஹன்னா ஹாம்ப்டன்தான் என்று தெரிந்ததும், 2025 தொடருக்குச் சில வாரங்கள் முன்பு சர்வதேச ஆட்டத்திலிருந்தே விலகினார். ஹௌட்டன் விஷயத்தில் வீக்மன் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஏர்ப்ஸ் விஷயத்தில், இறுதி ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து ஹாம்ப்டன் வாதத்தை முடித்துவிட்டார்.

இனி ஆண்கள் அணி. 2016இல் ராட்டர்டாமின் ஸ்பார்டா சங்கத்தில் இளையோர் ஆண்கள் அணிக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்திருக்கிறார். உங்கள் கேள்வி, அங்கே போவது பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டு கேட்பது. 2022 இறுதி ஆட்டத்துக்கு வெம்ப்ளிக்கு வந்தவர்கள் 87,192 பேர். ஆண்கள் யூரோவின் எந்த ஆட்டத்துக்கும் அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. இடைநிலை ஆண்கள் சங்கம் ஒன்றில் சேர்ந்து, பத்து ஆட்டம் தோற்றதும் வெளியேற்றப்படுவதை அவர் ஏன் விரும்ப வேண்டும்? அவருக்கு இன்னொரு கடன் இருக்கிறது. 2019இல் லியோனில் அமெரிக்காவிடம், 2023இல் சிட்னியில் ஸ்பெயினிடம், இரண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் தோற்றவர். அடுத்த உலகக் கோப்பை 2027இல் பிரேசிலில். இங்கிலாந்துடன் அவருடைய ஒப்பந்தமும் அதுவரைதான்.