அரைச்சூடு ஆகாது

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. வீட்டில் மூன்று மாடு. சொசைட்டிக்கு ஊற்றியது போக வைத்துக்கொள்ளும் பால், சித்திரை பிறந்தால் அடிக்கடி திரிந்துபோகிறது. மத்தியானம் குழந்தைக்குக் கொடுக்கும்போது மொத்தப் பாலையும் லேசாகச் சூடு காட்டி இறக்கி, மிச்சத்தை மூடி வைப்பேன். அத்தைக்கு அது பிடிக்காது. "அரைச்சூடு ஆகாது. அடுப்புல வெச்சா பொங்க விட்டு எறக்கு" என்பார். ஒன்பதாவது படிக்கும் மகளோ, சூடு பட்டால் பாக்டீரியாவின் மரபணு மாறிவிடும் என்கிறாள். ஒரு பொழுதுக்குள் மரபணு மாறுமா? அத்தை சொல்வதில் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அத்தை சொல்வது சரி. மகள் சொன்னதில் சின்னத் திருத்தம் போதும். மரபணு மாறுவதில்லை, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறுகிறது. அதற்கு ஒரு பொழுது வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

நம் தர்மபுரியில் 38 டிகிரி அடிக்கும்போது நாம் வாடிப்போகிறோம். குடலில் வாழும் எஷரிச்சியா கோலை என்ற பாக்டீரியாவுக்கு அது சொந்த ஊர் மாதிரி. தீனி தாராளமாக இருந்தால் 37 டிகிரியில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அதற்குச் சூடு உறைக்கத் தொடங்குவது 42 டிகிரி வாக்கில்தான். அப்போது அதன் புரதங்கள் உருக்குலையத் தொடங்குகின்றன. தோசைக்கல்லில் விழுந்த முட்டை வெள்ளை வெளுத்து இறுகுகிறதே, அதன் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமயத்துக்கென்றே அதனிடம் சிக்மா-32 என்ற புரதம் உண்டு. மரபணுவை நகலெடுக்கும் இயந்திரத்தை, சூட்டைச் சமாளிக்கும் மரபணுக்களின் பக்கம் கூட்டிப்போவது அதுதான். சிக்மா-32 செய்வதற்கான ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து எடுத்த நகல்) சாதாரண நேரத்திலும் செல்லுக்குள் தயாராக இருக்கிறது. ஆனால் தன்மேலேயே மடிந்து கிடக்கிறது. அந்த நகலைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் வந்து உட்கார வேண்டிய இடம், முந்தானையில் முடிந்துவைத்த காசு போல, மடிப்புக்குள் மறைந்திருக்கும். சூடு ஏறியதும் முடிச்சு தளர்கிறது, ரைபோசோம் உட்கார்கிறது. யாரும் வந்து தகவல் சொல்ல வேண்டியதில்லை, சூடே அவிழ்த்துவிடுகிறது. ஜப்பானின் தகாஷி யுராவும் அவர் குழுவினரும் 1999-இல் இதை விளக்கினார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. டி.என்.ஏ.கே. என்று ஒரு புரதம் (பெயரைப் பார்த்து டி.என்.ஏ. என்று நினைக்க வேண்டாம்). சாதாரண நாளில் அது சிக்மா-32-ஐப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டதை வேறொரு நொதி வெட்டிப்போடும், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பாதி காணாமல் போய்விடும். சூட்டில் மற்ற புரதங்கள் குலைந்ததும் டி.என்.ஏ.கே. அவற்றைத் தாங்கிப்பிடிக்க ஓடுகிறது. பிடி விட்டதால் சிக்மா-32 பிழைத்துக்கொள்கிறது. அது செய்யவைக்கும் புரதங்களில் டி.என்.ஏ.கே.யும் ஒன்று. குலைந்தவை சீரானதும் கை ஓய்ந்த டி.என்.ஏ.கே. திரும்பிவந்து சிக்மா-32-ஐ மறுபடி பிடித்துக்கொள்ளும், எல்லாம் அடங்கிவிடும். குரோஇஎல் என்று ஒரு பீப்பாய்ப் புரதமும் இதில் சேர்த்தி: ஏழேழாக இரண்டு வளையம், மேலே மூடி. குலைந்த புரதம் உள்ளே போய் மடிப்பு சரியாகி வெளியே வரும்.

இனி அத்தையின் பேச்சு. 42 டிகிரியில் கொஞ்ச நேரம் இருந்த பாக்டீரியாவை 55 டிகிரியில் போட்டால், முன்சூடு காணாததைவிட அதிகம் தாக்குப்பிடிக்கிறது. அரைச்சூடு அதற்குக் கவசம் மாட்டிவிடுகிறது.

ஆனால் உங்கள் பால் திரிவதற்கு முதல் காரணம் இது இல்லை. வெதுவெதுப்பான பால் ஆற நேரமாகும். அந்த நேரமெல்லாம் கிருமிகள் பெருகுகின்றன. பொங்கிய பாலிலோ இந்தக் கவசம் எதுவும் உதவாது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் மட்டும் கொதியிலும் தப்பும். அதனால் காய்ச்சிய பாலையும் நெடுநேரம் வெளியே வைக்காதீர்கள். குழந்தைக்கு வேண்டியதைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சூடு பண்ணுங்கள். மிச்சம் இருப்பதை அடுப்பில் வைத்தால் பொங்க விடுங்கள்.

உறை ஊற்றும்போது மட்டும் விரல் பொறுக்கும் சூடு வேண்டும். உறைமோரில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் இதே மாதிரிக் காவல் புரதங்கள் உண்டுதான். அதற்காகக் கொதிக்கிற பாலில் ஊற்றினால் பிழைக்காது, விடியும்போது தயிர் இருக்காது.