ஒரே வீட்டில் இரண்டு கணினிகள்: ஒன்று பேக்கப் எடுத்தால் மற்றது ஏன் குழம்புகிறது?

வீட்டு வைஃபையில் இரண்டு கணினிகள், இரண்டிலும் ஒரே பேக்கப் மென்பொருள். தனித்தனியே ஓட்டினால் சரி, இரண்டும் ஒன்றாக இயங்கினால் ஒன்று மற்றதைத் தள்ளிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளை மாற்ற முதல் ஒன்று சொல்லுங்கள்: இரண்டாவது கணினியை முதலாவதிலிருந்து குளோன் செய்தீர்களா, அதாவது முதலாவதில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுத்துப் போட்டீர்களா?

நான் செய்திருந்தேன். திருகோணமலையில், உப்புவெளியில் எங்கள் வீடு. என் டெஸ்க்டொப்பில் விடுதிக் கணக்குகள். மனைவி ஆசிரியை, அவருடைய லப்டொப்பில் வினாத்தாள்களும் புள்ளிப் பட்டியல்களும். லப்டொப் வாங்கிய நேரம் எல்லாவற்றையும் புதிதாகப் போடப் பஞ்சிப்பட்டு, டெஸ்க்டொப்பில் இருந்ததை அப்படியே அதில் இறக்கிவிட்டேன். பேக்கப் போவது, கனடாவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்த நாஸ் பெட்டிக்கு (வீட்டு நெட்வேர்க்கில் இணைத்து எல்லாக் கணினிகளும் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி).

பேக்கப் பட்டியலில் எப்போதும் ஒரு கணினிதான் தெரியும். காலையில் திறந்தால் உள்ளே என் கணக்குகள். பின்னேரம் அதே பெயருக்குள் ஆறாம் வகுப்பு வினாத்தாள்கள்! என் கோப்புகள் எல்லாம் அழிக்கப்பட்டதாகக் காட்டிவிட்டு, முழு பேக்கப்பையும் முதலிலிருந்து தொடங்கும். நான் ரவுட்டரைத் திட்டினேன், கேபிளை மாற்றினேன், வைரஸ் காவலை நிறுத்திப் பார்த்தேன். இரண்டு கிழமை வீண்.

கடைசியில் இரண்டிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ‘ஹோஸ்ட்நேம்’ என்று ஆங்கிலத்தில் அடித்தேன். இரண்டிலும் ஒரே பெயர். சரி, பிடிபட்டது என்று செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் போய் லப்டொப்பின் பெயரை மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். (பெயரை 15 எழுத்துக்குள் வையுங்கள், நெட்வேர்க்கில் கணினிகளைப் பெயரால் அறியும் பழைய நெட்பயாஸ் முறை அதற்கு மேல் ஏற்காது.)

அப்படியும் தீரவில்லை. பல பேக்கப் மென்பொருள்கள் கணினியைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. முதல்முறை நிறுவும்போது தாமே ஒரு நீண்ட எண்ணை உண்டாக்கித் தங்கள் கோப்புறையில் எழுதி வைக்கும். குளோன் செய்தபோது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு பேர் ஒரே அடையாள அட்டையோடு வங்கிக்குப் போன மாதிரி. சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்த எண் போகாமல் இருக்கலாம். லப்டொப்பில் மென்பொருளை நீக்கி, புரோகிராம்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் அது விட்டுப்போன மிச்சத்தையும் அழித்து, மறுபடி நிறுவினேன். அன்றுதான் பட்டியலில் இரண்டு கணினிகள் தெரிந்தன. அழிக்க முதல் அந்தக் கோப்புறையை வேறெங்காவது பிரதி எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, தப்பியது அதிர்ஷ்டம்.

அப்புறம், இரண்டுக்கும் ஒரே கோப்புறையைக் கொடுத்திருந்தால் பிரியுங்கள். பழைய பிரதிகளைத் துப்புரவு செய்யும் வேலையில் ஒன்று மற்றதன் கோப்பில் கை வைக்கக்கூடும். நாஸில் ஆளுக்கொரு கணக்கு போடுங்கள். அப்போது விண்டோஸ் 1219 என்ற பிழையைக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஒரு கணினியிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே பெட்டிக்கு இரண்டு பயனர் பெயரில் நுழைய அது விடாது. பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் புதிய பெயரில் நுழையுங்கள்.

கார்த்திகை மழையில் இன்னொன்றும் கண்டேன். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், தவறவிட்ட பேக்கப்பை உடனே எடுக்கும்படி வைத்திருந்த இரண்டு கணினிகளும் ஒரே நிமிடத்தில் நாஸ் மேல் பாயும். நாஸின் பதில் வரப் பிந்தி, பாதியில் ஒன்று டைம்அவுட் ஆகி நின்றுவிடும். இப்போது லப்டொப்புக்கு அந்த வசதியை நிறுத்திவிட்டு, இரவு பத்து மணிக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

நீங்கள் குளோன் செய்யவே இல்லையென்றால், ஒரே கணினியில் இரண்டு பேக்கப் மென்பொருள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாவனையில் இருக்கும் கோப்புகளையும் பிரதி எடுக்க உதவும் விண்டோஸின் ஷேடோ கொப்பி சேவையை இரண்டும் ஒரே நேரம் கேட்டால் ஒன்று தோற்கலாம். அதற்கு ஒன்றை நிறுத்துவதுதான் வழி. நேரத்தை மாற்றி ஒப்பேற்றலாம் என்று சொல்பவர்களும் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

முதலில் இரண்டிலும் ஹோஸ்ட்நேம் பார்த்து, என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள்.