தாங்கும் தூணும் தோற்றத் தூணும்

கேள்வி: தேவகோட்டையில் புது வீடு கட்டப்போகிறோம். பெட்டி மாதிரி, வெள்ளையாக 'மாடர்ன்' வீடு வேண்டும் என்கிறான் மகன். இன்ஜினியரோ முகப்பில் நாலு தூண், மேலே வளைவு, அதில் கஜலட்சுமி என்று வரைந்து, இதுதான் 'போஸ்ட்மாடர்ன்' என்கிறார். இது நம் பழைய வீடுதானே ஐயா? – ஒரு வாசகி

பதில்: இல்லை ஆச்சி, பழைய வீடு வேறு. முதலில் மகன் சொல்வதைப் பார்ப்போம். 1919-இல் ஜெர்மனியில் வால்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். இரும்பும் கான்கிரீட்டும் வந்தபின் பாரத்தைத் தூண்களே தாங்கின. சுவருக்கு அந்த வேலை இல்லை. அதனால் ஜன்னலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நீட்ட முடிந்தது. பாரிஸ் அருகே லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் 1931-இல் கட்டி முடித்த வில்லா சவாய் என்ற வீடு அப்படித்தான் நிற்கிறது. அலங்காரம் வீண், பயன்பாடே உருவத்தைத் தீர்மானிக்கட்டும் என்றார்கள். அந்த லெ கொர்பூசியேதான் நம் சண்டிகர் நகரை வடிவமைக்கவும் வந்தார்.

அப்புறம் எதிர்ப்பு வந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ராபர்ட் வென்சூரி 1964-இல் பிலடெல்பியாவில் தன் தாயாருக்கு ஒரு வீடு கட்டினார். முன்பக்கம் குழந்தை வரையும் வீடுபோல முக்கோணக் கூரை, ஆனால் நடுவில் பிளந்திருக்கும். வாசலுக்கு மேல் ஒரு வளைவு. அது மெல்லிய பட்டைதான், எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. தெரிந்தேதான் அப்படி வைத்தார். பழையதை மேற்கோள் காட்டுவது, கட்டடத்தைப் பேசவைப்பது: போஸ்ட்மாடர்ன் என்பது அதுதான்.

நம் செட்டிநாட்டுப் பழைய வீட்டின் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நிற்கும் பர்மா தேக்குத் தூண், ஓட்டுக்கூரையை உண்மையிலேயே தாங்குகிறது. முகப்பில் சுதை லட்சுமியை வைத்தவர்கள் கும்பிட்டு வைத்தார்கள். அதே முகப்பில் ஐரோப்பியத் தூண்தலைப்பும் இருக்கலாம். இத்தாலி மார்பிளும் ஆத்தங்குடிக் கல்லும் ஒரே வீட்டில் கிடக்கும். கலவைதான், ஆனால் யாருக்கும் பதில் சொல்லச் செய்த கலவை இல்லை. அவர்கள் பிடித்ததை வாங்கிவந்து வைத்தார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் மிகவும் பிடிக்கும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். வரைந்த நாலு தூணில் எவை தளத்தைத் தாங்குகின்றன என்று இன்ஜினியரிடம் கேளுங்கள். எதுவுமே தாங்காவிட்டால் அந்தப் பணத்தில் நடுவே ஒரு சின்ன வளவு திறக்கச் சொல்லுங்கள். சூடான காற்று மேலே போகும், வெளிச்சம் அடுப்படிவரை வரும். மகன் கேட்கும் வெள்ளைப் பெட்டிக்குள்ளும் அது தாராளமாக அடங்கும்.