பல் துலக்கினால் ரத்தம்: பிரஷ்ஷை விட்டுவிடலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். எனக்கு இது ஐந்தாம் மாதம். கொஞ்ச நாளாகப் பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் வருகிறது. “மாசமா இருக்கிறப்ப அப்படித்தான் வரும், பிரஷ்ஷைத் தொடாதே, விரலால தேய்ச்சுக்கோ” என்கிறார் மாமியார். பல் டாக்டரிடம் போனால் ஊசி போடுவார்கள், பிள்ளைக்கு ஆகாது என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: மாமியார் சொன்னதில் முதல் பாதி சரி. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரான், ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள் கூடுவதால் ஈறிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் சட்டென்று கசியும். ஆனால், தூண்டிவிடுவது பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படியும் பிசுபிசுப்பான அழுக்குப் படலம்தான். மற்ற நாளில் ஈறு பொறுத்துக்கொள்கிற அளவு படலமே இப்போது அதை வீங்கவைத்துவிடும். பிரஷ்ஷை விட்டால் படலம் தடித்துக் காரையாக இறுகும், ரத்தம் இன்னும் கூடும். இரண்டாம் மாதவாக்கில் தொடங்கி எட்டாம் மாதம் வரை ஏறுவது இதன் வழக்கம். அதனால் ‘தானாகப் போகட்டும்’ என்று காத்திருக்காதீர்கள்.

மென்மையான நார் உள்ள பிரஷ் வாங்குங்கள். நார்கள் பல்லில் பாதி, ஈறோரத்தில் பாதி படும்படி 45 பாகைச் சாய்வில் வைத்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைத்துவிட்டுப் பல் நுனியை நோக்கி இழுங்கள். மரம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் தேய்ப்பதுதான் ஈறைக் கிழிக்கும். பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், இரண்டு நிமிடம், காலையும் இரவும். ராத்திரிக் குளிரில் குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசவைக்கிறது என்று அந்த வேளையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொண்டால் போயிற்று. முதல் சில நாள் ரத்தம் வரும், நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் குறைய வேண்டும். குறையவில்லையென்றால் உள்ளே காரை இருக்கிறது. அதற்கு எந்த பேஸ்ட்டும் உதவாது. ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான். கரித்தூள் வேண்டவே வேண்டாம்.

வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள். வயிற்று அமிலத்தில் இளகிய எனாமல் பிரஷ்ஷோடு தேய்ந்து போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணிக்கு மேல் பொறுத்துத் துலக்கலாம். மேட்டுப்பாளையம் இறங்கும் வளைவுகளில் குமட்டுகிறவர்கள் வெறும் தண்ணீராவது கையில் வைத்திருங்கள்.

சாயங்காலம் வர்க்கியும் சர்க்கரை டீயும் சாப்பிட்டால் பல்லிடுக்கில் மாவு ஒட்டியே கிடக்கும். முடிந்ததும் வாய் கொப்பளியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் அந்த டீயோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும்.

பல் டாக்டரிடம் போக இதுதான் நல்ல நேரம். நான்கு முதல் ஆறு மாதம் வரை நாற்காலியில் சாய்ந்து உட்காருவது சிரமமாக இருக்காது. காரை எடுக்கப் பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது. தேவைப்பட்டாலும், மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஊசியைக் கர்ப்பத்தில் போடலாம். ஐந்தாம் மாதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டெட்ராசைக்ளின் வகை மாத்திரை பிள்ளையின் பல்லில் கறை ஏற்றும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள், ஐபுப்ரோஃபென் ஆகாது. எட்டாம் மாதத்துக்கு மேல் போக நேர்ந்தால், வலது இடுப்புக்கடியில் தலையணை வைத்து இடப்பக்கம் சற்றே சாய்ந்துகொள்ளுங்கள். மல்லாந்தே கிடந்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும்.

இரண்டு பல்லுக்கு நடுவே சிவந்த கட்டி ஒன்று முளைத்து, தொட்டாலே ரத்தம் வந்தால் புற்றுநோயோ என்று பதறாதீர்கள். கர்ப்பத்தில் வரும் கட்டிதான், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும். இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். முகவீக்கம், காய்ச்சல், ஈறில் சீழ், வாய் திறக்க முடியாமை இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். துலக்காதபோதும் ஈறில் ரத்தம் கசிந்து, மூக்கிலும் வந்து, தோலில் காரணமில்லாமல் நீலத்தழும்பு தெரிந்தால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி உடனே ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பார்த்துவிடுங்கள்.