டி.பி. வந்து போன நுரையீரலில் நிமோனியா ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

டி.பி. குணமானாலும் அது விட்டுப்போன தழும்பு மறைவதில்லை. அங்கே மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துவிடலாம். பிராங்கியெக்டாசிஸ் என்பது இதுதான். சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் சேதமாகியிருக்கும். தேங்கிய சளியில் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் கிருமிகள் வளரும். நாள்பட்டால் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியேறலாம். அது அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மசியவே மசியாது.

அவசர நிலை இல்லையென்றால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே சளியை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) கொடுத்துவிடுங்கள். காலையில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக இருமி எடுத்த கெட்டிச் சளி வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் வாயில் இருக்கும் கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும். 2 மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள்.

கூடவே டி.பி. பரிசோதனையும் கேளுங்கள். லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் டி.பி. கிருமியையும் ஓரளவு அடக்கும். அதை முதலில் போட்டுவிட்டால் திரும்பி வந்த டி.பி. கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும். முன்பு டி.பி. வந்தவர்களிடம் செத்த கிருமிக்கும் சிபிநாட் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) பாசிட்டிவ் காட்டலாம் என்பதால், டி.பி. கல்ச்சரும் தேவை.

பழைய எக்ஸ்ரேயைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். எது தழும்பு, எது புது நிழல் என்று டாக்டர் ஒப்பிட அது வேண்டும்.

நுரையீரல் சேதத்தால் உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் நோயாளிக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் போதும். 98-ஐ எட்ட வைக்க வீட்டில் சிலிண்டரைத் திருகினால் தூக்கக் கலக்கம் வந்து சுயநினைவே போகலாம்.