உலகளாவிய கட்டமைப்பு ஒப்பந்தம் என்றால் என்ன? தொழிற்சங்கங்கள் அதை ஏன் நாடுகின்றன?

பல நாடுகளில் தொழில் நடத்தும் ஒரு நிறுவனம், எந்த நாட்டு ஆலையாக இருந்தாலும் சங்கம் சேரும் உரிமை போன்ற அடிப்படை நெறிகளைக் காப்பதாகப் பன்னாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்புடன் செய்துகொள்ளும் உடன்பாடே இது.

முதலீடு எளிதாக எல்லை தாண்டுகிறது. ஒரு நாட்டுச் சட்டப்படி இயங்கும் சங்கத்தின் அதிகாரமோ அந்த எல்லையிலேயே நின்றுவிடுகிறது. கூலி உயர்வு கேட்டால் ஆலையை வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவோம் என்ற மிரட்டல் பலிப்பதும் இதனால்தான். வீடு கட்டும் இடத்தில் சித்தாள் கூலி கேட்டால் மேஸ்திரி ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுவார், அவர் வீட்டுக்காரரைக் கைகாட்டுவார். பன்னாட்டு நிறுவனத்திலும் இதே கதைதான், ஆகவே பணம் புறப்படும் இடமான தலைமை நிறுவனத்திடமே பேசுவதுதான் பயன் தரும். உலோகம், வேதிப்பொருள், நெசவு ஆகிய துறைகளின் பன்னாட்டுக் கூட்டமைப்புகள் 2012இல் இண்டஸ்ட்ரியால் என ஒன்றிணைந்ததற்கும் இத்தகைய கணக்கே காரணம்.

வெறும் வாக்குறுதி போதாது என்பதை, டாக்கா அருகே 2013 ஏப்ரல் 24 அன்று ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபோது உலகம் கண்டது. ஆலைகளில் தீ, கட்டடப் பாதுகாப்புக்காக அடுத்த மாதமே உருவான வங்கதேச ஒப்பந்தம், அதில் கையெழுத்திட்ட ஆடை நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது. 2016இல் இரண்டு நிறுவனங்கள்மீது தி ஹேக் நகரின் நடுவர் மன்றத்தில் சங்கங்களால் வழக்குத் தொடுக்கவும் முடிந்தது. என் பார்வையில், மற்ற ஒப்பந்தங்கள் பலவற்றில் இல்லாத வலிமை இதுதான்.

உலகளாவிய கட்டமைப்பு ஒப்பந்தம் எல்லா நாடுகளிலும் ஒரே கூலியைக் கொண்டுவரும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் கூலியை அந்தந்த நாட்டுச் சங்கமே பேசி முடிவுசெய்கிறது, அப்படிப் பேசும் உரிமையை மட்டுமே இது காக்கிறது.