புரட்டாசியில் தோட்டத்தில் என்ன வேலை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் நாற்பது பைகளில் காய்கறி போட்டிருக்கிறேன். போன வருடம் ஐப்பசி மழையில் தக்காளியும் மிளகாயும் பாதிக்கு மேல் அழுகிவிட்டன. இந்த முறை மழைக்கு முன்னாலேயே பாலித்தீன் ஷீட்டில் கூரை போட்டுவிடலாமா? புதிதாக என்ன விதைக்கலாம்? – வாசகி, மடிப்பாக்கம்

பதில்: விதையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மாடியில் தண்ணீர் இறங்குகிற குழாய் எங்கே இருக்கிறது, அதன் வாயில் உள்ள ஜாலியை மூடிக்கொண்டு எந்தப் பை உட்கார்ந்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஒரு ராத்திரி மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, காலையில் கதவைத் திறந்தால் மாடி முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், பைகள் எல்லாம் தெப்பக்குளத்தில் நிற்கிற மாதிரி நிற்கின்றன. காரணம் நாலே நாலு பப்பாளி இலை. ஜாலி மேல் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கையால் எடுத்துப் போட்டதும் கடகடவென்று இறங்கிவிட்டது.

சிரிப்பாக இருந்தாலும் கணக்கு சிரிப்பில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 600 சதுர அடி மாடியில் 100 மி.மீ. பெய்தால் 5,500 லிட்டருக்கு மேல், அதாவது ஐந்தரை டன் எடை. சென்னையில் பருவமழைக் காலத்தில் ஒரே நாளில் 100 மி.மீ. என்பது அதிசயமே இல்லை. அது வடியாமல் நின்றால் செடி மட்டுமல்ல, தளமும் பாவம். மண் நனைந்த பையே ஒன்று ஏறக்குறைய இருபது கிலோ வரும், ஆகவே பைகளை நடு மாடியில் குவிக்காமல் கீழே சுவரும் பீமும் வருகிற ஓரமாகத் தள்ளி, ஒவ்வொன்றையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். பை அடியில் இருக்கிற ஓட்டைகளை ஒரு குச்சி விட்டுக் குத்திப் பாருங்கள், வேரும் மண்ணும் சேர்ந்து பாதியை அடைத்திருக்கும். போன வருடம் உங்கள் மிளகாய் செத்தது மழையால் இல்லை, தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வேர் மூச்சுத் திணறியதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாலித்தீன் கூரை வேண்டாம். காற்று வந்தால் அது பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு யார் வீட்டு ஷீட் யார் வீட்டு மாடியில் கிடந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாற்று வைத்திருக்கும் ஒரு மூலைக்கு மட்டும், இறுக்கிக் கட்டின சின்னத் தடுப்பு போதும்.

பைக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் மழை முடியும் வரை எடுத்துவிடுங்கள். அதில் நிற்கிற நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும், எட்டுப் பத்து நாளில் பறக்கவும் ஆரம்பித்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவித்தான் எடுத்து வைக்க வேண்டும்.

விதைக்கு வருகிறேன். கொட்டுகிற மழையில் தக்காளி பூவெல்லாம் உதிரும், அதைக் கார்த்திகைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முள்ளங்கி, வெண்டை, கொடிப் பசலை போடலாம். அரைக்கீரை, சிறுகீரையைப் பெரிய மழை அடித்துச் சாய்த்துவிடும். காய்த்து ஓய்ந்த பழைய கத்தரியைப் பிடுங்காமல் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். மழை வருவதற்கு முந்தின வாரம் உரம் கரைத்து ஊற்றாதீர்கள், அத்தனையும் குழாய் வழியாகத் தெருவுக்குத்தான் போகும்.

கேள்வி: வீட்டில் மல்லி, முல்லை, பிச்சி மூன்றும் இருக்கின்றன. தோட்ட வேலைக்கு வருகிற அண்ணன் ‘மழைக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே கையா கவாத்து பண்ணிடலாம்’ என்கிறார். சரியா? – வாசகர், மதுரை

பதில்: அவருக்கு வேலை ஒரே நாளில் முடியும், உங்களுக்குப் பூ கிடைக்காது. மூன்றும் ஒரே குடும்பம்தான், ஆனால் மூன்றுக்கும் மாதம் வேறு. மல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மல்லியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, இலையை எல்லாம் உருவி, அடியில் கிளறி எரு வைத்தால் மாசி, பங்குனியில் மொட்டு கட்ட ஆரம்பிக்கும். இப்போதே வெட்டினால் புதுத் தளிர் நேராக அடைமழையில் போய் மாட்டும். இப்போதைக்குக் காய்ந்த குச்சி, நோய் வந்த கிளை மட்டும் எடுங்கள், செடியைச் சுற்றி மண்ணை அணைத்துக் கொஞ்சம் மேடாக்கி வையுங்கள். அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளப் போகிறார்.

கேள்வி: ஆடிப்பெருக்கு அன்று விதைத்த கொடி அவரை பந்தல் முழுக்க ஏறிவிட்டது, இலை கரும்பச்சையாகச் செழிப்பாக இருக்கிறது, ஆனால் ஒரு பூ கூட இல்லை. மலட்டு விதையாக இருக்குமோ? – வாசகி, திருவையாறு

பதில்: விதையைத் திட்டாதீர்கள். நாட்டுக் கொடி அவரை பொழுது பார்த்துப் பூக்கிற செடி. பகல் குறுகி ராத்திரி நீள ஆரம்பித்தால்தான் அதற்குப் பூக்கவே தோன்றும். நீங்கள் எவ்வளவு ஊட்டினாலும் சரி, கார்த்திகை, மார்கழி வாடை அடிக்கும்போதுதான் கொத்துக் கொத்தாகப் பூத்து, பொங்கல் குழம்புக்குக் கச்சிதமாகக் காய் கொடுக்கும். வருடம் முழுக்கக் காய்ப்பது குத்து அவரை, அது வேறு ரகம்.

நீங்கள் செய்யக்கூடிய ஒரே வேலை, சும்மா இருப்பது. ‘பூக்கவில்லையே’ என்று சாணியும் யூரியாவும் போட்டால் இலைதான் இன்னும் தடிக்கும். பந்தலுக்கு மேலேயே ராத்திரி பூரா எரிகிற தெருவிளக்கு இருந்தால் பூப்பு இன்னும் தள்ளிப்போகக்கூடும், அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பூக்கொத்து வரும்போது கூடவே கறுப்பாக அசுவினிப் பூச்சி வந்து அப்பும். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டால் பாதி போய்விடும். பந்தல் கால்களையும் இப்போதே ஆட்டிப் பாருங்கள். காய் பிடித்த பிறகு சாய்ந்தால் தூக்கி நிறுத்த முடியாது.

கேள்வி: இங்கே இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. போன முறை வீட்டுக்குள் எடுத்து வைத்த கறிவேப்பிலை மரம் கிறிஸ்மஸுக்குள் இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. எப்போது உள்ளே எடுப்பது? உள்ளி நடவும் ஆசை. – வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: இந்தப் பகுதிக்கு வருகிற கனடாக் கடிதங்களில் பாதி கறிவேப்பிலையைப் பற்றித்தான். உங்கள் பக்கம் அக்டோபர் நடுவாக்கில் உறைபனி விழும், அதுவரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி வெப்பம் 10 டிகிரியைத் தொடப்போகிறது என்றால் செடி உள்ளே இருக்க வேண்டும், அநேகமாக செப்டம்பர் பாதியிலேயே. அதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, தண்டில் செதில் பூச்சி ஒட்டியிருந்தால் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டி, ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கி அப்புறம் தூக்குங்கள்.

உள்ளே தெற்கு பார்த்த ஜன்னல்தான் நல்லது. ஹீட்டர் காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், அந்த வறட்டுக் காற்றில் சிலந்திப்பேன் பல்கிப் பெருகிவிடும். வெயில் குறைந்து போவதால் செடி குடிக்கிற தண்ணீரும் குறையும், மேல்மண் விரலை விட்டால் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மார்ச் வரை உரம் கிடையாது. மொட்டையாகப் போனதைப் பிறகு என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, குப்பையில் போட்டிருந்தால் வருத்தம்தான். இனி அப்படி ஆனால் நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் மரம் தூங்குகிறது, அவ்வளவுதான்.

உள்ளிக்கு (எங்கள் ஊர்ப் பூண்டு) உங்கள் அக்டோபர்தான் சரியான மாதம். நிலம் உறைவதற்கு முன், பல்லைப் பிரித்து, கூரான பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, தெருவில் விழுந்து கிடக்கிற மேப்பிள் இலையையே மேலே கெட்டியாகப் போட்டு மூடுங்கள். பனிக்கு அடியில் கிடந்து, ஜூலையில் பிடுங்கலாம்.

கேள்வி: காம்பவுண்ட் சுவரை ஒட்டி முருங்கை. உயரமாகப் போய்விட்டது. வெட்டினால் பட்டுப்போகுமா? மழை வந்தால் கம்பளிப்பூச்சி வேறு. – வாசகர், சேலம்

பதில்: முருங்கையை வெட்டாமல் விட்டால்தான் ஆபத்து. ஒரு காற்றுக்குத் தாங்காது, மடாரென்று முறிந்து யார் தலையிலாவது விழும். நெஞ்சு உயரத்துக்கு இப்போதே வெட்டுங்கள், வெட்டு சாய்வாக இருக்கட்டும், தண்ணீர் தங்கக் கூடாது, மேலே பச்சைச் சாணி அப்பினால் போதும். கீரையைத் தெருவுக்கே கொடுக்கலாம். கட்டை விரலை விடப் பருமனான கிளைகளை மூன்றடிப் போத்தாக நறுக்கி நட்டால் இந்த மழையிலேயே வேர் பிடிக்கும். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் மட்டும் வேண்டாம்.

கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கம்பளி விரித்த மாதிரி கும்பலாகப் படுத்திருக்கும். அதுதான் சமயம். பந்தம் கொளுத்திக் காட்டுவது பழைய வழக்கம், சுவரும் ஒயரும் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம். மீன் எண்ணெய் சோப்பை ஒரு லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் கரைத்து அந்தக் கும்பல் மேல் அடியுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், மயிர் பட்டால் அரித்துத் தள்ளிவிடும்.

கேள்வி: காலிஃபிளவர் நாற்று முளைத்து நாலாம் நாள் தரையோடு சாய்ந்து விழுகிறது. – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் நூல் மாதிரி இளைத்திருக்கும், பாருங்கள். நெருக்கமாக விதைத்து, சாயங்காலம் தண்ணீர் தெளித்து, ராத்திரி முழுக்க ஈரமாகவே வைத்தால் இதுதான் வரும். புது தேங்காய் நார்க் கழிவில் குழித்தட்டில் குழிக்கு ஒன்றாகப் போடுங்கள், விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சை) பொடியைப் பிசறிக்கொள்ளுங்கள் (கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, உங்களுக்கு ஒரு சிட்டிகை). காலையில் மட்டும் தண்ணீர். இப்போது திரும்ப விதைத்தாலும் தாமதமில்லை, தையில் பூ பார்க்கலாம்.

கேள்வி: நத்தை! – வாசகி, புதுச்சேரி

பதில்: ராத்திரி எட்டு மணிக்கு டார்ச், கையுறை, உப்புத் தண்ணீர் வாளி. வெறும் கையால் தொடாதீர்கள்.